பூட்டன் பிறந்த இடம்

பாசிக்குடாவில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அம்மா, பேத்தியின் அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்திருந்தார். கொண்டுவந்த கடதாசிகளுக்குள் மகனின் பிறப்புச் சான்றிதழும் இருந்தது. நான் எழுதிக்கொண்டிருக்க, அதில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணும் எழுதாம கோடு போட்டிருக்காங்களே, ஏங்க டீச்சர்?"

"அது தேவையில்லாத இடம் அம்மா" என்றேன்.

"தேவையில்லாட்டி எதுக்குக் கேக்குறாங்க?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இலங்கையின் பிறப்புச் சான்றிதழில் பாட்டனுக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே பூட்டனுக்கு ஒரு கட்டம். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால், பூட்டனின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எல்லாம் எழுத வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளையிடம் நாலு தலைமுறைக்குக் கணக்குக் கேட்கும் கடதாசி அது. என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். பூட்டன் கட்டத்தில் அதே கோடு. என் தகப்பன் கல்குடாவில் பிறந்தவர். அதற்கு மேல் எவரும் கேட்கத் தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் மகனுக்கோ பாட்டன் கட்டத்திலும் கோடு. காட்ட ஒன்றுமில்லாததால் இழுத்த கோடு. மையும் நீளமும் ஒன்றுதான்.

அந்தப் பாட்டன், அம்மாவின் மாமனார், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உழைத்தவர். 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததை, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வழி திறந்தது: 1946 ஜனவரி 1க்கு முன் குடும்பஸ்தர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் இடைவிடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1951 ஓகஸ்ட் 5 கெடுவுக்குள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. விசாரணை பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. மாமனார் தன் தாயின் சாவுக்குத் தமிழ்நாடு போய், திரும்பப் பிந்தியவராம். விண்ணப்பம் தள்ளுபடியானது. 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கோட்டை நினைக்கும்போதெல்லாம் அம்மம்மா ஞாபகத்துக்கு வருகிறார். சிறுவயதில் மண்முனைத் துறையால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்குப் போவோம். அறிமுகமில்லாத பெண்ணிடம் அம்மம்மா முதலில் கேட்பது, "நீங்க என்ன குடி?" ஒரே குடியென்றால் அக்கா தங்கை, வேறு குடியென்றால் மச்சாள். உடனே வெற்றிலைத் தட்டம் நகரும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியே வரும். தன் தாய், தாயின் தாய் என்று மேலே மேலே சொல்லிக்கொண்டு போகும் அம்மம்மாவுக்குப் பூட்டனின் பெயர் தெரியாது. நாடோ தகப்பன் வழியை மட்டுமே கேட்டது. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் திருந்த 2003 ஆயிற்று.

ஆனால் அம்மம்மாவின் கேள்வியும் ஒரு கட்டம்தான். மலையகத்திலிருந்து வந்த பெண்கள் எங்கள் கோயிலுக்கு வந்தபோது அதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. அம்மம்மா வெற்றிலை கொடுத்தார், அன்பாகப் பேசினார். முறை சொல்லி மட்டும் கூப்பிட்டதில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கடதாசிகள் அத்தனையையும் கொண்டுபோனது. பிரதி எடுக்கப் போனேன். பெயரையும் திகதியையும் கேட்டு, பதிவேட்டைப் பார்த்து எழுதித் தந்தார்கள். நான் இந்த மண்ணுக்குரியவளா என்ற கேள்வியே எழவில்லை. கடைசி வீட்டு அம்மா கடல் வந்த அன்று கடதாசிப் பையோடு ஓடியவர். நாங்கள் வெறுங்கையோடு ஓடினோம். அதற்கு முந்திய வருடம்தான் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்திருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவழியினரும் அவர்களின் சந்ததியும் பிரஜைகளாகலாம் என்றது அது, பூட்டனைக் கேட்கவில்லை. ஆனாலும் பை இல்லாமல் வெளியே போகும் துணிவை எந்தச் சட்டமும் அந்த அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

அப்படியென்றால் வாழ்ந்த காலமே அளவாக இருக்கட்டும், பூட்டனை விட்டுவிடலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் யுத்தம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பி, தோணி இழுத்து வைக்கும் கரை சுருங்கியபோது, மீனவர்களுக்காக மகஜர் எழுதிக் கொடுத்தவளும் நான்தான். அவர்களிடம் காணி உறுதி இல்லை, வரைபடம் இல்லை. "எங்கள் பூட்டன்மார் காலந்தொட்டு" என்றே தொடங்கினேன். உறுதியில்லாத மனிதருக்குப் பூட்டனை விட்டால் வேறு யார் சாட்சி? நேற்று வேலி அடைத்தவரும் வருடங்களை எண்ணிக் காட்டுவார், கொஞ்சக் காலம் பொறுத்திருந்தால் போதும்.

எளியவர் பக்கம் நின்றால் இரண்டு நியாயமும் ஒன்றாகிவிடும் என்று நினைத்துப் பார்த்தேன். யார் எளியவர் என்பதைத் தீர்மானிப்பது யார் என்று கேட்டதும் அதுவும் நிற்கவில்லை. அம்மம்மாவும் தன்னை எளியவளாகத்தான் நினைத்திருப்பார். ஒருவர் ஓர் இடத்துக்கு உரியவராவதற்குப் பொதுவான அளவு ஒன்று இருக்கவேண்டும் என்று இன்னும் நம்புகிறேன். அது எது என்று எனக்குத் தெரியவில்லை.