விதைநெல்லும் அன்னதானமும்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை இன்றேல் விளைச்சல் இல்லை. விளைச்சல் இன்றேல் பூசையும் தானமும் இல்லை. அம்மழை சில ஆண்டுகளில் வராமலே வருத்துகிறது. சில ஆண்டுகளில் அளவுக்கு மிஞ்சி வந்து வருத்துகிறது.

கிழக்கிலங்கை மக்கள் இவ்விரண்டையும் கண்டவர்கள். 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பெரும்போக வேளாண்மை அறுவடையை நெருங்கி நின்றது. 2016 இன் இறுதியில் பருவமழை பொய்த்தது. குளங்கள் நிரம்பவில்லை, பல வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்தன. 2017 இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் மதிப்பிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம், நாடெங்கும் 600 இற்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்ததோடு, இளம் பயிரையும் பல இடங்களில் மூடியது.

இத்தகைய காலங்களில் "எல்லாம் வினைப்பயன்" என்று சொல்லி மனந்தேறுவது வழக்கம். வினையை மறுப்பது சைவம் ஆகாது. ஆயினும் அடுத்தவரின் பசியைப் பார்த்து அவ்வாறு சொல்லலாமா என்பது சிந்திக்கத்தக்கது.

மழை ஊருக்கெல்லாம் ஒன்றாகவே பெய்கிறது. பசியோ எல்லா வீட்டுக்கும் ஒன்றாக வருவதில்லை. போடியாரின் வீட்டில் சென்ற போகத்து நெல் இருக்கும்; அடகு வைக்க நகையும் இருக்கும். குத்தகைக்குச் செய்பவருக்கு விளைச்சல் அழிந்தாலும் கடன் அழிவதில்லை. வயற்கூலியை நம்பிய குடும்பத்திற்கு வேலையே இல்லாமற் போகிறது. முதலில் கடையில் கடன். பின்னர் தோடு அடகு. கடைசியில் விதைக்கென வைத்த நெல்லும் உலைக்குப் போகிறது. மழை திரும்பி வந்தாலும் விதைக்க நெல் இல்லாதவருக்கு அடுத்த போகமும் பஞ்சமே.

இளையான்குடிமாற நாயனாரின் வரலாற்றை அறியாதார் இலர். வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவொன்றில் சிவனடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் ஒன்றுமில்லை. நாயனார் இருளில் வயலுக்குச் சென்று, அன்று விதைத்த நெல்லை வாரி வந்தார். மனைவியார் அதனைச் சமைத்தார். வந்தவர் இறைவனே. நாயனார் எடுத்தது தமது விதைநெல்லை. அதுவும் பிறர் பசி தீர்க்க. அச்செயல் தொண்டாயிற்று. இன்று ஏழை ஒருவர் தம் பிள்ளையின் பசிக்காக அதே விதைநெல்லை எடுக்கும்போது, அது தொண்டன்று. ஊர் கைவிட்டதன் அடையாளம்.

பசித்தவருக்கு அப்பசி பிராரத்த வினையாக இருக்கலாம். அதைப் பார்த்தும் வாளா இருப்பவருக்கு அது அன்றே ஈட்டிக்கொள்ளும் ஆகாமிய வினையாகும். அடுத்தவரின் வினையை ஆராய்வது மனிதரின் வேலையன்று. தன் கை என்ன செய்தது என்பதே ஒவ்வொருவரும் ஆராயவேண்டியது.

திருவிழாக்காலத்தில் அன்னதானம் குறைவின்றி நடைபெறுகிறது. அது சிறந்த தொண்டே. ஆனால் ஊரில் நெல் உள்ள காலத்தில் இடும் சோற்றைவிட, நெல் இல்லாத காலத்தில் கொடுக்கும் ஒரு மரைக்கால் நெல் பெரிது. அறுவடை முடிந்ததும் வீட்டுக்குச் சிறிதளவு விதைநெல் கோயிலிற் சேர்த்து, நன்கு உலர்த்திப் பாதுகாத்து, அழிவு வந்த போகத்தில் இல்லாதவருக்குக் கொடுத்து, அவர் விளைந்தபின் திருப்பித் தரும் ஒழுங்கு ஒன்று ஒவ்வொரு கிராமத்துக் கோயிலிலும் இருத்தல் வேண்டும். கோயிற் பொருளை இதற்குப் பயன்படுத்தலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். மழையின்றி நெல் குறைந்தபோது குண்டையூரில் நெல்மலை தந்தவன் சிவபெருமான் என்பதை அவர்கள் நினைவுகூர்தல் நன்று.

உபயகாரரின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது வழமை. விதைநெல் பெறுபவரின் பெயரை மட்டும் எவரும் வாசிக்கக்கூடாது. வாங்கும் கை கூசாதபடி கொடுப்பதே தானத்தின் அழகு.

மழையை வேண்டுவது அடியார் கடன். மழை பொய்த்த ஆண்டிலும் அயல்வீட்டு அடுப்பு எரியச் செய்வதும் அக்கடனைச் சேர்ந்ததே. அதற்கான மனத்தையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.