பெயர் யாருடையது?

1971இல் சியாட்டல் நகரில் மூன்று நண்பர்கள் கோப்பிக்கொட்டை விற்கும் கடையொன்றைத் திறந்தார்கள். ஸ்டார்பக்ஸ் என்ற பெயர், ஹெர்மன் மெல்வில்லின் 'மொபி டிக்' நாவலில் வரும் கப்பல் அதிகாரியினுடையது. மெல்வில் இறந்து எண்பது வருடமாகியிருந்தது. எவரிடமும் அனுமதி கேட்கவேண்டி இருக்கவில்லை. 1987இல் ஹவார்ட் ஷுல்ட்ஸ் கடைகளை வாங்கினார். இன்று அந்தப் பெயரை வேறொருவன் தன் பலகையில் எழுதினால் வழக்கு வரும். நான் இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். எடுத்தது இரவல்தான், ஆனாலும் வளர்த்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் ஹரார் என்ற பெயரை வளர்த்தவர் யார்? எதியோப்பியாவின் கிழக்கே மதில் சூழ்ந்த பழைய முஸ்லிம் நகர் அது. ஹரார், சிடாமோ, யிர்காசெஃபே ஆகிய கோப்பிப் பெயர்களை வர்த்தகக் குறிகளாகப் பதியுமாறு 2005இல் எதியோப்பிய அரசு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அங்குள்ள தேசிய கோப்பிச் சங்கம் எதிர்த்தது. பொதுச்சொல்லை ஒருவர் சொந்தமாக்க முடியாதாம். ஆனால் சிடாமோ சேர்ந்த பெயரொன்றுக்கு ஸ்டார்பக்ஸ் 2004இலேயே மனுப் போட்டிருந்தது! இரவல் பென்சிலுக்குத் தன் பெயரைக் கீறிவிட்டு, அடுத்தவனின் பென்சிலைப் பொது என்று சொல்லும் பிள்ளைகளை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

ஒக்ஸ்ஃபாம் 2006இல் இதைப் பகிரங்கப்படுத்தியது. 2007 ஜூனில் ஸ்டார்பக்ஸ் உடன்படிக்கை செய்து பெயர்களின் உரிமையை ஏற்றது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் உரிமை சேர்ந்தது அரசிடம். ஹராரில் கன்று நட்டதும் பழம் பறித்ததும் அரசு அல்லவே.