கிரகம் செய்ததா?



ஞானஸ்நானம் எடுத்து பல வருஷம் ஆன பிறகும் சிலர் யாருக்கும் தெரியாமல் ஜோசியரைப் பார்க்கப் போகிறார்கள். அவிசுவாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அது வேதத்துக்கு விரோதம்தான், சந்தேகமே இல்லை. ஏசாயா 47-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆனாலும் அங்கே எதைத் தேடிப் போகிறார்கள் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் போகிறாள் என்று வையுங்கள். ஜோசியர் உட்காரச் சொல்கிறார். அரைமணி நேரம் அவள் சொல்வதைக் கேட்கிறார். "உம்மேல தப்பு இல்ல தாயி, உனக்கு ஏழரைச் சனி நடக்குது" என்கிறார். சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை. ஆக, அவள் துக்கத்துக்கு ஒரு முடிவு தேதியும் கிடைத்துவிடுகிறது. காசைக் கொடுத்துவிட்டு மனசு லேசாகி வீட்டுக்கு வருகிறாள்.

அந்த ஆறுதலுக்கு இன்னொருத்தி விலை கொடுக்கிறாள். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்கிறதும் அதே ஜோசியம்தானே! நம் சபைக்கு வந்த ஒரு சகோதரி, கலியாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனை விபத்தில் இழந்தவர்கள். லாரி ஓட்டினவன் தூங்கிவிட்டான். ஆனால் பதினாறாம் நாள் புருஷன் வீட்டார் ஜாதகத்தை எடுத்து மறுபடியும் பார்த்தார்களாம். எட்டாம் இடத்தில் செவ்வாய். பழி செவ்வாய்மேல் விழுந்து, அங்கிருந்து இவர்கள்மேல் விழுந்தது.

சரி, அழுதுகொண்டு வந்தவர்களுக்கு நாம் என்ன சொன்னோம்? "மறைவான பாவம் ஏதாவது இருக்கா பாருங்க சிஸ்டர்" என்றார் ஒரு விசுவாசி. "முன்னோர் சாபமா இருக்கும், உபவாசம் எடுங்க" என்றார் இன்னொருவர். கிரகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாபத்தை வைத்தாயிற்று.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் அதுதான் உருப்படியான ஊழியம் (பிரசங்கிகளாகிய எங்களுக்கு இது கொஞ்சம் கசப்பான சங்கதி). வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கர்த்தர் கடைசியில் கோபித்ததும் அவர்கள்மேல்தான். 38-ம் அதிகாரத்தில் அவர் யோபுவிடம் மிருகசீரிஷத்தைக் குறித்துக் கேட்கிறாரே, ஜாதகத்தில் எழுதுகிற அதே பெயர்! நட்சத்திரங்களை நடத்துகிறவர் தாமே என்று காட்டுகிறார். உன் நட்சத்திரத்தால் வந்தது என்றோ, உன் பாவத்தால் வந்தது என்றோ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறவிக் குருடனைப் பார்த்து, இது இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில், கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர், மரியாள் அழுவதைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார். முதலில் கண்ணீர், பிறகுதான் அற்புதம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நம் சபையின் வயதான அம்மா ஒருவர் மூன்று மாதம் தினமும் சாயங்காலம் போய் வந்தார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காய் நறுக்கிக் கொடுப்பார்கள், சேர்ந்து அழுவார்கள், ஜெபித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஒருநாள் சகோதரி தானாகவே ஜாதக நோட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்களாம். போடச்சொல்லி யாரும் சொல்லவில்லை. ஸ்தோத்திரம்!