ஒரே பெட்டியில் அமானிதமா?

அமானிதம் என்றதும் பிறர் நம்மிடம் ஒப்படைத்த பணமும் நகையும்தான் நினைவுக்கு வருகின்றன. பெற்றோர் விட்டுச் சென்ற எழுத்தும் குரலும் அமானிதமே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விழுப்புரம் மாவட்டம் குயிலாப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. மறைந்த தாயார் குர்ஆன் ஓதிய ஒலிப்பதிவு, தகப்பனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ் ஏட்டின் படங்கள், கொடுக்கல் வாங்கல் பத்திரங்களின் நகல்கள் யாவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் அந்த டிஸ்க்கும் பாழாயிற்று. பத்திரங்களை மறுபடி நகல் எடுக்கலாம். தாயின் குரலை எங்கே போய் எடுப்பது?

"இனிமேல் எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிடலாம். எது மலிவு பாய்?" என்று மூத்த மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அது முதல் கேள்வியன்று.

கிளவுட் என்பது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள பிறருடைய கணினி. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அத்தகைய கட்டடம் ஒன்று தீக்கிரையாகி, பலருடைய பதிவுகள் அழிந்தன. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாய்க் கொடுத்த இடமும் 2021 ஜூன் முதல் நிறுத்தப்பட்டது. இலவசம் பிறர் தயவு, நம் உரிமையன்று.

மலிவிலும் கணக்குண்டு. 2019-ல் அமேசான் கொண்டுவந்த நெடுங்காலச் சேமிப்பில் ஆயிரம் ஜிபி வைக்க மாதம் ஏறக்குறைய ஒரு டாலர்தான். ஆனால் திரும்ப எடுக்கப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனிக் கட்டணமும் உண்டு. அடிக்கடி பார்ப்பதற்கு அது ஏற்றதல்ல. ஆபத்துக் காலத்துக்கென ஒதுக்கி வைப்பதற்கே ஏற்றது.

திருக்குர்ஆன் காக்கப்பட்ட வரலாற்றைச் சிந்தியுங்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் தொகுக்கப்பட்ட ஏடுகள் பின்னர் ஹஃப்ஸா (ரலி) அம்மையாரிடம் இருந்தன. உதுமான் (ரலி) அவர்கள் அவற்றிலிருந்து பிரதிகள் எடுப்பித்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். ஹாபிழ்களின் நெஞ்சங்களும் அதைச் சுமந்தன. ஓரிடத்தை மட்டும் நம்பியிராத அந்த முன்யோசனையில் நமக்கும் படிப்பினை உண்டு. வீட்டில் ஒரு பிரதி, வெளியூர் உறவினரிடம் ஒரு பிரதி, கிளவுடில் ஒரு பிரதி என்று வைப்போம். ஆண்டுக்கொரு முறை திறந்தும் பார்ப்போம்.

அதற்குமுன் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். தினமும் வந்து குவியும் வாழ்த்துப் படங்களுக்கு வாடகை கொடுப்பது வீண்விரயம். பிறர் மானத்தைப் பாதிக்கும் படத்தைச் சேமிப்பதோ பாவச்சுமை. மலிவாய்க் கிடைக்கிறது என்பதற்காகக் குப்பையைக் காக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. நாம் மவ்த்தானபின் கட்டணம் கட்டுவது யார்? கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? கூகுள் நிறுவனம் 2 ஆண்டு தொடாத கணக்கை நீக்கலாமென 2023-ல் அறிவித்தது. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வஸிய்யத்து எழுதும்போது இந்தத் திறவுகோலையும் நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைத்து வையுங்கள்.

அமானிதத்தைப் பேணுவோராக வல்ல நாயன் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.