விற்றது இயந்திரமா, ஆண்மையா?

பொருளை விற்பவன் பொய் சொல்லக் கூடாது. இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், ஒரு சொல்லும் பொய்யில்லாமலே ஒருவனை ஏமாற்ற முடியுமா? முடியுமாயின் அந்தக் குற்றம் யாரைச் சாரும்? விற்றவனையா, வாங்கியவனையா, பார்த்துக்கொண்டிருந்த நம்மையா? நமது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்று முற்றத்துக்கு முற்றம் நிற்கும் மோட்டார் சைக்கிளை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் நமக்கு ஆடம்பரப் பொருளன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து வைத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் பாதைக்காகத் துறையில் காத்து நின்றார்கள். அல்லது நெடுந்தூரம் சுற்றி வந்தார்கள். மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியுமுன் ஊர் ஊராகப் போகிறவர், வயலுக்குப் பசளை ஏற்றுகிறவர், அக்கரைப் பாடசாலைக்கு நாள்தோறும் பாலம் கடக்கும் ஆசிரியை ஆகிய எல்லாருக்கும் அது காலுக்குச் சமம். ஆகவே, வாகனத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று.

ஆனால், அதே வாகனம் வேறொரு மொழியிலும் விற்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டில் இந்தியாவின் பஜாஜ் கம்பனி ‘பல்சர்’ என்ற மோட்டார் சைக்கிளை 150, 180 சீ.சீ. என்னும் இரு அளவுகளில் வெளியிட்டது. அதுவரை அங்கு பெருவாரியாக விற்பனையானவை, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கணக்குக் காட்டிய 100 சீ.சீ. வண்டிகள். பல்சரின் விளம்பரம் அந்தக் கணக்கைப் பேசவில்லை. ‘டெபினிட்லி மேல்’, அதாவது ‘சந்தேகமின்றி ஆண்’ என்று அறிவித்தது. வண்டி நல்ல வண்டிதான். நமது தெருக்களிலும் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. ஆனால், அந்த இரண்டு சொற்களும் உண்மையில் வண்டியைப் பற்றியவை அல்ல. அதை வாங்குகிறவனைப் பற்றியவை.

இந்த வியாபாரக் கலை அமெரிக்காவிலே 1960களில் முழு வளர்ச்சி கண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தொகைப் பிள்ளைகள் 1964ஆம் ஆண்டளவில் கார் ஓட்டும் வயதை எட்டியிருந்தார்கள். அவர்களைக் குறிவைத்து எழுந்தவையே ‘மசில் கார்’ எனப்பட்ட வண்டிகள். நடுத்தர அளவுள்ள சாதாரணக் காருக்குள் பெரிய காரின் இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞனுக்கு எட்டும் விலையில் விற்பதே அதன் சூத்திரம்.

ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1963இல் தன் பிரிவுகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. நடுத்தரக் கார்களில் இன்ன அளவுக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்ற விதியும் அங்கு இருந்தது. அதன் பொன்ரியாக் பிரிவு, புதிய கார் என்று சொல்லாமல், இருந்த காருக்கு ‘விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் பொதி’ என்று பெயரிட்டு 6.4 லீற்றர் இயந்திரத்தைப் பொருத்தியது. அதுவே 1964ஆம் ஆண்டின் ஜீ.ரீ.ஓ. மேலிடம் 5,000 கார்களுக்கே இசைந்தது. முதல் ஆண்டிலேயே விற்றவை 32,450.

அந்த விற்பனையின் பின்னால் இருந்த விளம்பர வல்லுநர்களில் ஒருவர் ஜிம் வாங்கர்ஸ். 1964இல் ஒரு பிரபல மோட்டார் சஞ்சிகை சோதித்துப் புகழ்ந்த ஜீ.ரீ.ஓ. கடையில் கிடைக்கும் கார் அன்று, அதனுள் அதனிலும் பெரிய இயந்திரம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1968இல் பிளிமத் நிறுவனம் சிறுவர்கள் பார்க்கும் கேலிச்சித்திரப் படத்தின் பறவையொன்றின் பெயரையும் உருவத்தையும் 50,000 டொலர் கொடுத்து வாங்கி, ‘ரோட் ரன்னர்’ என்று ஒரு காருக்குச் சூட்டியது. அதன் ஹோர்ன் கூட அந்தப் பறவையின் குரலில் ஒலித்தது.

மறைத்து வைத்த இயந்திரம் வெறும் மோசடி. அதைக் கண்டிக்க நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பறவையின் பெயரில் எந்தப் பொய்யும் இல்லை. அந்தக் கார் வேகமாகத்தான் ஓடியது. நமது கேள்வி பிறப்பது இங்கேதான்.

வியாபாரி சொல்லும் சமாதானம் நமக்குத் தெரியும்: “நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வாங்குவதும் விடுவதும் அவனவன் விருப்பம்.” இது கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் விருப்பம் சுதந்திரமாக இருக்க வேண்டுமானால், வாங்குகிறவனுக்குத் தான் வாங்குவது என்னவென்று சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும். சந்தையிலே மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்க்கிறான். சிவப்பாக இருந்தால் வாங்குகிறான், இல்லையேல் போய்விடுகிறான். ‘நீ ஆண்மகன் ஆவாய்’ என்ற வாக்குறுதிக்குத் தூக்கிப் பார்க்கச் செவுள் எங்கே இருக்கிறது? அது பொய்யென்று நிறுவவும் முடியாது. மெய்யென்று கண்டு வாங்கவும் முடியாது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் ஒவ்வொருவனுக்குள்ளும், ‘நான் ஓர் ஆளாக மதிக்கப்படுகிறேனா?’ என்ற கேள்வி இருக்கிறது. போரிலே தந்தையை இழந்த வீடுகளும், படித்தும் தொழிலில்லாத பிள்ளைகளும் மலிந்த நமது மாவட்டத்தில் அது கேள்வி மட்டுமன்று, ஒரு காயம். காயத்துக்கு மருந்து விற்பது தொழில். மருந்தாகாத ஒன்றை, காயம் இருக்கும் இடம் அறிந்து விற்பது வேறு. அதைத் தொழில் சாமர்த்தியம் என்று மனச்சான்று ஏற்பதில்லை.

விளம்பரங்களின் ஒழுக்கம் பற்றி வத்திக்கானின் சமூகத் தொடர்பு மன்றம் 1997இல் ஓர் ஏடு வெளியிட்டது. அது விளம்பரத் தொழிலை வெறுத்து ஒதுக்கவில்லை. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என்று மூன்று அளவுகோல்களை முன்வைத்தது. முதலாவதில் தேறிய விளம்பரம் இரண்டாவதில் தவறலாம் என்பதே நாம் இங்கு காண்பது. மனிதனின் மதிப்பு அவன் வைத்திருக்கும் பொருளில் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லும் விளம்பரம், பொய் பேசாமலே அவனைச் சிறுமைப்படுத்துகிறது.

மூன்றாவது அளவுகோலோ செலவைக் கணக்கிடச் சொல்கிறது. அமெரிக்காவில் 1966 முதல் 1973 வரை ஒவ்வோர் ஆண்டும் 50,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மாண்டார்கள். அத்தனைக்கும் மசில் கார்களே காரணம் என்பது அநியாயம். ஆயினும் வேகத்தைப் பெருமையாக விற்றவர்கள் அக்கணக்கில் தங்களுக்குப் பங்கேயில்லை என்று கைகழுவவும் முடியாது. காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தை உயர்த்தின. 1970இல் காற்று மாசுச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. அத்தோடு அந்தக் கார்களின் காலம் முடிந்தது.

நமது நாட்டிலும் வீதி விபத்துகளில் இறப்போரில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெருந்தொகையினர். எண்ணெய் இல்லாத காலத்தையும் நாம் கண்டோம். 2022இல் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அப்போது மீன் வியாபாரியின் வண்டி அந்த நான்கு லீற்றரையும் பயனுள்ள வழியில் செலவிட்டது. வீறாப்புக்கு வாங்கிய வண்டி முற்றத்தில் இரும்பாக நின்றது. தேவைக்கு வாங்கியது எது, பெயருக்கு வாங்கியது எது என்று அந்த நாட்கள் நமக்குப் பிரித்துக் காட்டின.

அப்படியானால் முழுப் பழியும் வியாபாரிக்குத்தானா? இல்லை. விளம்பரம் காயத்தை உண்டாக்கவில்லை. இருந்த காயத்தைக் கண்டுபிடித்தது, அவ்வளவே. அதை ஆறாமல் வைத்திருப்பதில் நமக்கும் பங்குண்டு. கல்யாணப் பேச்சில், “மாப்பிள்ளையிடம் என்ன வண்டி இருக்கிறது?” என்று கேட்பது விளம்பரக் கம்பனியன்று, நாமே. தந்தையோடு வயலுக்குப் போகும் பையனைக் காணாதது போல் கடந்து, புது வண்டியில் வருபவனுக்கு எழுந்து நாற்காலி கொடுப்பதும் நாமே. வீட்டில் மதிப்பான ஒரு சொல்லைக் கேட்டறியாதவன் சைலன்சரைக் கழற்றி ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கிறான். அந்தச் சத்தத்தைத் திட்டுகிறோம். அது எதைக் கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அம்மாவின் காப்பை அடகு வைத்தாவது முற்பணம் கட்டச் சொல்லி மகன் கேட்கும் வீடுகள் இன்னும் பல இருக்கும். ‘வேண்டாம்’ என்று உடனே மறுப்பதும் தவறு. பிள்ளையின் பிடிவாதத்துக்கு அஞ்சிக் கொடுப்பதும் தவறு. பெற்றோர் அவனை அருகில் இருத்தி ஒன்று கேட்கலாம்: “மகன், உன்னை ஒருவரும் பார்க்காத ஒரு பாதையில் மட்டும்தான் ஓடலாம் என்றால், இதே வண்டியை இதே விலைக்கு வாங்குவாயா?” ஆம் என்றால் அது அவனுக்குத் தேவையானது, இயன்றால் உதவுங்கள். மௌனமாக இருந்தால் அவன் தேடுவது வண்டியையன்று. அவன் தேடுவதைக் கொடுக்க எந்தக் காட்சியறையாலும் முடியாது, வீட்டால் முடியும்.