யாருடைய ரிஸ்க்?

வாசல் கதவு திறந்து கிடக்கிறது. ஒருவன் உள்ளே நுழைந்து டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். யாரைத் திட்டுவோம்? திருடனையா, கதவைச் சாத்தாதவரையா? நம் ஊரில் முதல் டோஸ் வீட்டுக்காரருக்குத்தான்!

இப்போது அந்தக் கதவைத் தூக்கி வானத்தில் வையுங்கள்.

2010-ல் பாரட் என்ற பிரெஞ்சு கம்பெனி ஏ.ஆர்.டிரோன் என்ற குட்டி விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு விசிறி, கேமரா. தனி ரிமோட் கிடையாது. டிரோனே ஒரு வைஃபை நெட்வொர்க்கை உண்டாக்கும். உங்கள் செல்போனை அதில் இணைத்தால் போதும், பறக்கும். பாஸ்வேர்டு? அதெல்லாம் கேட்காது. பெட்டியைப் பிரித்தோமா, பறக்கவிட்டோமா என்று இருக்கணும் இல்லையா?

2013 டிசம்பரில் சாமி கம்கார் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு காரியம் செய்தார். அதே பாரட் டிரோன் ஒன்றின் மேல், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார். அது பறந்தபடியே, அக்கம்பக்கத்தில் வேறு பாரட் டிரோன்கள் இருக்கின்றனவா என்று மோப்பம் பிடிக்கும். ஒன்று சிக்கியதும், 'இணைப்பு முடிந்தது' என்று ஒரு பொய்த் தகவல் அனுப்பும். அனுப்பியது யார் என்று அந்த வைஃபை சரிபார்க்காது, நம்பிவிடும். உரிமையாளரின் போன் துண்டிக்கப்பட்டதும், அந்த நாற்காலியில் இது உட்கார்ந்துகொள்ளும். ஸ்கைஜாக் என்று பெயர் வைத்து, செய்முறையை எல்லோருக்கும் இலவசமாகவும் கொடுத்துவிட்டார்.

'என் பொருள், என் ரிஸ்க். உனக்கென்னப்பா?' என்று நீங்கள் கேட்கலாம். சைக்கிளுக்கு அது சரி. பூட்டாமல் விட்டால் போவது உங்கள் சைக்கிள்தான். டிரோன் அப்படியில்லை. கை மாறிய டிரோன், பூங்காவில் விளையாடும் குழந்தையின் தலையில் விழலாம். அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

நான் பி.காம். படித்தவன். வரவு செலவு போட்டுப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் புரியும். விற்றவருக்கு லாபம். வாங்கியவருக்கு வசதி. நஷ்டம் யார் கணக்கில்? கீழே நிற்கிற மூன்றாவது ஆளின் கணக்கில். அவர் இந்த வியாபாரத்திலேயே இல்லை. அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

'விலை குறைவாக வேண்டுமென்றால் பூட்டுக்கு எங்கே போவது?' என்பார்கள். அதுவும் முழு உண்மையில்லை. டபிள்யூ.பி.ஏ.2 என்ற பூட்டு, 2006-லேயே சான்றிதழ் கேட்கும் எல்லா வைஃபை கருவிகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. கடையில் இருந்த பூட்டைத்தான் மாட்டாமல் விட்டார்கள். மிச்சமானது பணமல்ல, சிரமம்.

விலை உயர்ந்ததின் கதையையும் கேளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் பிரிடேட்டர் விமானம் பல மில்லியன் டாலர் பெற்றது. அது அனுப்பிய வீடியோவை இராக்கில் கிளர்ச்சியாளர்கள் 26 டாலர் சாஃப்ட்வேரை வைத்துப் பார்த்த செய்தி 2009-ல் வெளியானது. இந்த ஓட்டை 1990-களில் போஸ்னியாவிலேயே தெரிந்ததுதான். 'அவனுங்களுக்கு எங்கே தெரியப்போகுது' என்ற நினைப்பில் விட்டுவிட்டார்கள்.

கவனியுங்கள், இது ஏழ்மையல்ல, அலட்சியம். அடுத்தவனை முட்டாளாக நினைக்கிற அலட்சியம். மலிவான டிரோனில் அந்த அலட்சியம் வேறு வேஷம் போடுகிறது: அடுத்தவனை நினைத்தே பார்ப்பதில்லை.

திருடன் திருடன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவனைக் கைகாட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. 2021-ன் டிரோன் விதிகளின்படி, இரண்டு கிலோ வரையுள்ள டிரோனை வியாபார நோக்கமில்லாமல் பறக்கவிட நம் நாட்டில் பைலட் லைசென்ஸ் தேவையில்லை. சட்டம் பாடம் எடுக்காத இடத்தில் நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக டிரோன் வாங்கப் போகிறீர்களா? கேமரா எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை நிமிஷம் பறக்கும் என்று தாராளமாக விசாரியுங்கள். கூடவே, 'இது நான் சொன்னா மட்டும் கேட்குமா, யார் சொன்னாலும் கேட்குமா?' என்றும் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. கீழே நிற்கப்போகிற அந்த மூன்றாவது ஆள் கடைக்கு வரமாட்டார். அவர் சார்பில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.