போல்ட் இல்லாத துப்பாக்கி

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய ஸ்டோர் கட்டடத்தை இடிக்கும் வேலை. நான் சைட் எஞ்சினியர். கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் உத்தரத்தின் மேலிருந்து சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றை இறக்கி வைத்தார். பிரித்தால் துப்பாக்கி.

போலீசுக்குச் சொன்னால் வேலை எத்தனை நாள் நிற்குமோ என்று தவுக்கே பயந்தார். அஸ்திவாரக் குழியில் போட்டு கான்கிரீட் ஊற்றிவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உடனே போன் செய்யவும் இல்லை. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உரிமம் இல்லாத ஆயுதத்தைத் தொட்டிருக்கவே கூடாது. தெரிந்தேதான் செய்தேன். காரணம் தாத்தா.

அவசரகாலத்தில் தாத்தா இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். வீட்டில் அவருடைய படம்கூட சரியாக இல்லை. "ஒங்க தாத்தா துப்பாக்கி புடிச்சவரு" என்ற ஒரு வாக்கியம்தான் எங்கள் குடும்பச் சொத்து. இது அவருடையதாக இருந்தால்?

குழாயின் முனை வெளியே நீளாமல், முன்பக்க இரும்பு மூடியோடு மட்டமாக நின்றது. கைப்பேசியில் தேடிப் பார்த்ததும் குடும்பம் தெரிந்துவிட்டது. லீ என்ஃபீல்டு, .303 அங்குலம், பத்துத் தோட்டா கொள்ளும் வகை. அடிக்கட்டையும் உடலும் சேரும் இடத்தில் வலப்பக்கம் ஓர் இரும்புப் பட்டை உண்டு. பிறப்புச் சான்றிதழ் மாதிரி எல்லாம் அதில்தான் இருக்கும். துணியால் துடைத்தேன். கிரீடம். அதன்கீழ் ஜி.ஆர். கடைசி வரியில் மாடலைச் சொல்லும் மூன்றாம் எண்ணும் நட்சத்திரமும். ஆருக்குப் பக்கத்தில் ஓர் 'ஐ' இருந்தால் அது கல்கத்தா அருகே ஈஷாப்பூர் ஆலையில் செய்தது. இல்லையென்றால் இங்கிலாந்தில் செய்ததாக இருக்கலாம். சரியாக அந்த இடத்தைத் துரு தின்றிருந்தது. வருடத்தையும்தான்.

போல்ட் இல்லை. இந்த வகையில் உடலிலும் போல்ட்டின் கைப்பிடியிலும் ஒரே வரிசை எண் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் சோதனையின் முதல் படி. இங்கே ஒப்பிட ஒன்றுமில்லை. பின்பக்கம் வழியாகக் குழாய்க்குள் பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது, சுவரெல்லாம் குழி. மரக்கட்டையில் அம்புக்குறி ஒன்று: அரசாங்கச் சொத்து. படையிலிருந்து விற்றுவிட்டால் இரண்டு அம்புகளை முனையோடு முனை சேர்த்து அடிப்பார்கள். இதில் ஒற்றை அம்புதான். அப்படியென்றால் இதை யாரும் முறையாக விற்றதாகத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஓர் இரும்புக் கம்பி வந்தால்கூட எந்த ஆலை, எந்த உலை என்று பின்னோக்கிப் போக முடியும். ஆனால் அந்தப் பாதை செய்தவனிடம்தான் கொண்டுபோய் விடும். பிடித்தவனிடம் போகாது.

இந்த மண்ணில் இதைப் பிடித்திருக்கக்கூடியவர்கள் மூன்று பேர். 1942 ஜனவரியில் ஜப்பானியர் கடல்வழியாகக் கோலசிலாங்கூர் பக்கம் வந்தபோது எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய் முதலாமவன். பின்வாங்கிய படை விட்டுப்போன ஆயுதங்களைப் பொறுக்கிக் காட்டுக்குள் போன கெரில்லா இரண்டாமவன். ஜப்பானியரை எதிர்த்த அந்தப் படை 1945 டிசம்பரில் கலைந்தபோது எல்லா ஆயுதமும் திரும்பி வரவில்லை. 1948க்குப் பிறகு கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மூன்றாமவன். மூவர் கையிலும் ஒரே மாடல் இருந்திருக்கலாம்.

வேலை நின்றதைப் பார்த்து, தோட்டத்தில் முன்பு பால் வெட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"கீழ வைங்க தம்பி. இதுல பாதிகூட இல்லாததுக்கு கணபதிய தூக்குல போட்டானுங்க."

மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். கையில் ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று அவர் வாதாடியதாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் என் மடியில் இருந்ததும் கண்டெடுத்த துப்பாக்கிதான். எனக்கு வியர்த்தது.

அதே வருடங்களில் தாத்தாவும் துப்பாக்கியோடு நடந்தார். ஒருவருக்குச் சம்பளம், மற்றவருக்குக் கயிறு. வித்தியாசம் ஒரு பதிவேட்டில் போட்ட கையெழுத்து. சட்டத்துக்கு அந்தக் கையெழுத்து போதும். அறத்துக்குப் போதுமா?

போதாது என்று பத்தாங் காலி சொல்கிறது. இதே சிலாங்கூரின் வடக்கில், 1948 டிசம்பரில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 கிராமத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அது அரசாங்கம் கொடுத்த ஆயுதம், அரசாங்கச் சீருடை. விசாரணை கேட்ட குடும்பங்களின் மனுவை 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உரிமம் இருந்த துப்பாக்கி செய்த காரியத்தை உரிமம் சரியாக்கிவிடவில்லை.

அதற்காகக் காட்டில் இருந்தவர்களின் துப்பாக்கியெல்லாம் புனிதமானது என்றும் என்னால் எழுத முடியாது. அவர்கள் துரைகளை மட்டும் கொல்லவில்லை, தோட்டத் தொழிலாளிகளையும் கொன்றார்கள். வேலிக்குள் தூங்கிய குழந்தைகளுக்கு என் தாத்தா காவலாக இருந்திருக்கலாம். அதே வேலியின் வாசலில், வெளியே போகும் பெண்களிடம் ஒரு பிடி அரிசி ஒளிந்திருக்கிறதா என்று சோதித்தவர் பக்கத்திலும் நின்றிருக்கலாம். இரண்டும் ஒரே ஆள் செய்த வேலைதான்.

கருவிக்கு அறம் கிடையாது, பிடிப்பவனுக்குத்தான் என்று பல்கலைக்கழகத்தில் படித்தோம். பாதி உண்மை. பாலத்தை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். துப்பாக்கி அப்படி இல்லை, அது எதிரே ஒரு ஆளைக் கேட்கிறது. அதைத் தோளில் மாட்டும்போதே அந்த ஆள் யாராக இருக்கலாம் என்பதற்கும் சம்மதிக்கிறோம். நான் "யாருடைய துப்பாக்கி" என்று தேடினேன். "யாருக்கு எதிரே" என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. அந்த இரும்புப் பட்டையிலும் அதற்கு இடமில்லை.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. போல்ட் தானாக விழாது. யாரோ கழற்றியிருக்கிறார். இனி இது வெடிக்கக்கூடாது என்று நினைத்த ஒருவராக இருக்கலாம். வேண்டும்போது மாட்டிக்கொள்ள வேறு இடத்தில் ஒளித்து வைத்தவராகவும் இருக்கலாம். முதலாமவர் என் தாத்தா என்று நம்ப எனக்கு ஆசைதான். ஆசை ஆதாரமாகாது.

போலீஸ் வந்தது. வாக்குமூலத்தில் அரை மணி நேரம் தாமதித்ததையும் சொன்னேன். அதிகாரி திட்டினார், எழுதிக்கொண்டார். உரிமையாளர் தெரியவில்லை என்று பதிவானது.

இரவு அம்மாவிடம் சொன்னேன். "தாத்தாவோடதா இருக்குமாய்யா?" என்றார்.

"இருக்கலாம்மா. தாத்தா யாரையாச்சும் சுட்டாராம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதெல்லாம் நாங்க கேட்டதே இல்லப்பா" என்றார்.